லொறிக் கம்பனியின் கணனியில் எமது ஊர் இல்லை

பெரிய வெங்காய அறுவடை முடிந்த கையோடு நாம் கூட்டிய கூட்டமொன்றிற்கு வந்திருந்த ஒரு தாய், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த லொறித் துண்டுகளை அவிழ்த்து எம் முன்னால் வைத்தார். "சுவாமி, இப்ப நாங்க இருக்கிறது ரோட்டுக்குப் பக்கத்தில. ஆனா மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நேரம் வெட்டின கூலியத்தான் இன்னும் வெட்டுறாங்க" என்றார். துண்டுகளைப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. சாக்கொன்றுக்கு 30 ரூபா கூடுதலாகக் கழிக்கப்பட்டிருந்தது. நாற்பது, ஐம்பது சாக்கு ஏற்றுகின்ற குடும்பத்திற்கு அது சிறிய தொகையல்ல.

நாம் அவரையும் அழைத்துக்கொண்டு அந்த லொறிக் கம்பனியின் அலுவலகத்திற்குப் போனோம். அங்கிருந்த கணக்குப்பிள்ளை நல்ல மனிதர். ஏமாற்றுகின்ற எண்ணம் அவரிடம் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. கணனியை எம் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதில உள்ள ஊர்களத்தான் தெரிவு செய்யலாம் பாதர். அம்மாவுட புது ஊர் இதில இல்ல. அதனால பழைய ஊரப் போடுறேன். கூலிய கம்பியூட்டரே போடுது. நான் என்ன செய்யிறது?" என்றார்.

அந்தப் பழைய ஊர் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2018 ஜனவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அதனோடு இணைந்த களுகங்கைத் திட்டத்தில் பழைய லக்கல நகரமே மூழ்கி, வேறிடத்தில் புதிய நகரம் எழுந்தது. வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் கோயிலையும் விட்டு வந்தவர்களுக்கு இவையெல்லாம் நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் மூழ்கிய ஊர் ஒரு லொறிக் கம்பனியின் கணனிக்குள் இன்னும் மூழ்காமல் இருக்கிறது என்பதும், அந்த ஊருக்கான கூலியை இடம்பெயர்ந்தவர்கள் இன்றும் கட்டி வருகிறார்கள் என்பதும் எமக்கே புதிய செய்தியாக இருந்தது. ஆகவேதான் இவ்விதழில் இந்த விடயத்தை விளக்கமாக எழுத முற்பட்டோம்.

லொறிக் கம்பனியின் கணனியில் இருப்பது என்ன?

சரக்கு லொறிகளை ஓட்டுபவர் ஒவ்வொரு நாளும் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. இன்று எந்த ஊரில் யாரிடம் எத்தனை சாக்கு இருக்கிறது? எந்த லொறியை அனுப்புவது? எந்த வழியாகப் போனால் எல்லோரிடமும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குச் சேரலாம்? கூலி எவ்வளவு? யார் கொடுத்தார், யார் கொடுக்க இருக்கிறது? திரும்பி வரும்போது எதை ஏற்றி வருவது?

முன்பு இவை அனைத்தும் ஒரு பில் புத்தகத்திலும் கணக்குப்பிள்ளையின் தலைக்குள்ளும் இருந்தன. பின்னர் கணனி வந்தது. யாராவது ஒரு படித்த இளைஞர் அந்தக் கம்பனிக்கென்றே ஒரு மென்பொருளை எழுதிக் கொடுத்தார். மென்பொருள் என்பது கணனிக்குச் சொல்லி வைத்திருக்கும் வேலை ஒழுங்கு, அவ்வளவுதான். சமையலுக்குச் செய்முறை இருப்பது போல, கணக்குக்கு ஒரு செய்முறை. அன்று அது பெரிய முன்னேற்றம் என்பதை நாம் மறுக்கவில்லை. கையால் எழுதிய கணக்கில் நேர்ந்த கூட்டல் பிழைகள் குறைந்தன. ஆனால் அந்த இளைஞர் வெளிநாடு போய்விட்டார். அவர் எழுதிக் கொடுத்தது மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஓடுகின்ற ஒன்றை ஏன் மாற்ற வேண்டும்?" என்று அந்தக் கம்பனி முதலாளி எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மென்பொருள் லொறியைப் போலத் துருப்பிடிப்பதில்லை, அதன் டயர் தேய்வதுமில்லை. அதைச் சுற்றியுள்ள உலகம் மாறுவதால்தான் அது பழையதாகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். எமது பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாகப் பத்து இடங்கள் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய மென்பொருளில் பத்து இடமே விடப்பட்டிருக்குமானால் இளம் விவசாயியின் இலக்கம் அதற்குள் அடங்காது. கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டிவிட்டுப் பதிவார்கள், அல்லது தந்தையின் இலக்கத்தில் பதிவார்கள். பிறகு அந்தப் பிள்ளை தன் பெயரில் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, தான் பயிர் செய்து விற்றதற்கு அத்தாட்சி எதுவும் அவரிடம் இருக்காது.

வரியும் அப்படித்தான். பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 யூனில் 12 ஆகியது, அதே ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் 15, 2024 ஜனவரியில் 18. சுமார் நான்கு ஆண்டுகளில் நான்கு மாற்றம். வரிக்குப் பதிவு செய்த கம்பனியொன்றில் வரி வீதம் மென்பொருளின் அடிவயிற்றில் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் அதை எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாதவர்கள் பில்லில் பேனாவால் திருத்தினார்கள். பேனாவால் திருத்திய பில்லை எந்தக் கணக்காய்வாளர் நம்புவார்?

இனி, எழுத்து. எமது நாட்டில் நீண்ட காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தமிழைத் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் 'மாத்தளை' என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். இன்று எல்லாக் கைத்தொலைபேசியிலும் ஒருங்குறித் தமிழ் இருக்கிறது. ஆனால் பழைய மென்பொருளில் எமது பெயர்கள் ஒன்றில் பாமினியில் கிடக்கின்றன, அல்லது ஒவ்வொருவர் வாய்க்கு வந்தபடி ஆங்கிலத்தில் கிடக்கின்றன. ஒரே குடியேற்றத்தில் நான்கு லெட்சுமிகள் இருந்தால் யாருடைய காசு யாருக்குப் போனது என்று கேட்க வேண்டாம். நாம் கேட்டு ஒரு பகல் முழுவதையும் செலவழித்தோம்.

கடைசியாகக் கணனியின் பாதுகாப்பு. பழைய மென்பொருள் பல வேளை பழைய கணனியில் மட்டுமே ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி என்ற இயங்குதளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதைச் செய்த நிறுவனம் 2014 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் நிறுத்தியது. இவற்றை இன்னும் வைத்திருப்பவர் கதவுக்குப் பூட்டு விற்றவன் கடையை மூடிவிட்ட பின்னும் அதே பூட்டை நம்பியிருப்பவர் போன்றவர். எமக்குத் தெரிந்த ஓரிடத்தில் திருடன் வரவில்லை, மழைதான் வந்தது. கூரை ஒழுகிக் கணனி நனைந்தது. பிரதி எதுவும் எடுத்து வைக்கவில்லை. ஒரு போகக் கணக்கு முழுவதும் போயிற்று. முதலாளிக்கு வரவேண்டிய கூலியும் போயிற்று, விவசாயிகளுக்குப் போகவேண்டிய மீதியும் போயிற்று. துண்டைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களுக்கு மட்டுமே பணம் கிடைத்தது.

சாக்குக் கூலி செய்யும் சேதம்

ஊர்ப்பெயர் விடயத்தை விடவும் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. இதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எமது நாட்டில் மரக்கறியும் பழமும் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வரை வீணாகின்றன என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அனுராதபுரத்தில் உள்ள தேசிய அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவனம் இதைக் குறைக்கும் வழிகளைப் பற்றியே ஆராய்கிறது. தோட்டத்திலிருந்து தம்புள்ளைக்கும், தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கும் காலிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் போகும் வழியில், சாக்குக்குள் நசுங்கிப் போவது அதில் ஒரு பங்கு. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் தொடங்கியதிலிருந்து எமது மாவட்டத்தின் கத்தரிக்காயும் பூசணியும் மிளகாயும் வெங்காயமும் அதன் வாசலால்தான் போகின்றன. அங்கே லொறியிலிருந்து சாக்குகளை இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஆள் உட்கார்ந்திருப்பார், கீழே தக்காளிச் சாறு வடியும்.

இதைத் தடுக்க 2011 டிசம்பரில் அரசாங்கம் மரக்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. தம்புள்ளையிலும் வேறு சந்தைகளிலும் விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்து நின்றார்கள். அரசாங்கம் இறங்கிவர வேண்டியதாயிற்று. அந்த எதிர்ப்பை அறியாமை என்று சொன்னவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. கூடைக்கு யார் காசு கொடுப்பது, கூடையில் ஏற்றினால் லொறியில் கொள்ளும் சரக்கு குறைகிறதே அந்த நட்டம் யாருடையது, வெறுங்கூடை தோட்டத்திற்குத் திரும்பி வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அன்று யாரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் லொறிக் கம்பனியின் மென்பொருள் உள்ளே வருகிறது. நாம் பார்த்த பழைய மென்பொருள் கூலியைச் சாக்குக் கணக்கில்தான் போடுகிறது. 45 கிலோ போட்டாலும் ஒரு சாக்கு, 60 கிலோ திணித்தாலும் ஒரு சாக்கு. அப்படியானால் நாம் என்ன செய்வோம்? திணிப்போம். காலால் மிதித்துக் கட்டுவோம். கூலியில் மிச்சம் பிடித்ததாக நினைப்போம். சந்தையில் தரம் குறைந்தது என்று கிலோவுக்கு விலை வெட்டும்போது மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக இழப்போம். கூலியைக் கிலோவில் கணக்கிட்டால் திணிப்பதில் இலாபமே இல்லை. கூடைக்கு ஓர் இலக்கமிட்டு, எது யாருடையது, எந்த லொறியில் போனது, திரும்பி வந்ததா என்று பதிந்தால் வெறுங்கூடை தொலைவதும் குறையும். இவற்றைப் பில் புத்தகத்தில் செய்வது மிகக் கடினம். சாக்கைத் தவிர வேறெதையும் அறியாத மென்பொருளில் செய்யவே முடியாது. இன்றைய மென்பொருளுக்கு இது சாதாரண வேலை.

கிலோவில் கூலி என்றவுடன் தராசு ஞாபகத்திற்கு வர வேண்டும். தராசுகளைச் சோதித்து முத்திரையிட அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. முத்திரையில்லாத தராசில் நிறுக்க விடாதீர்கள். பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கக் கூடாது என்று இணைச் சட்ட நூலின் 25ஆம் அதிகாரம் தடை செய்கிறது. அக்கால உழவனுக்கும் எமது பிரச்சினைதான் இருந்திருக்கிறது.

வெறுமையாகத் திரும்பும் லொறி

2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறக்கமாட்டோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் யூன் மாத முடிவில் 460 ரூபாவாக உயர்ந்தது. தம்புள்ளையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு லொறிக்கு 70 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8,470 ரூபாவுக்கு ஓடிய ஓட்டத்திற்கு ஆறு மாதத்தில் 32,200 ரூபா. திரும்பும் பயணம் வெறுமையாக இருந்தால் அதில் பாதி, 16,100 ரூபா, காற்றை ஏற்றிவருவதற்கான செலவு. அந்தச் செலவை முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து கொடுப்பதில்லை. எமது கூலியில்தான் சேர்க்கிறார்.

அவ்வாண்டு யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. 2023 செப்டெம்பர் வரை வாகனத்திற்கு வாரப் பங்கீடு. அப்போது நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். எந்த லொறி எந்த ஓட்டத்திற்கு எத்தனை லீற்றர் குடிக்கிறது என்று பதிவு வைத்திருந்தவர்கள் பங்கீட்டுக்குள் ஓட்டங்களைத் திட்டமிட்டார்கள். இரண்டு ஊர்ச் சரக்கை ஒரே லொறியில் சேர்த்தார்கள். பதிவு இல்லாதவர்களின் லொறிகள் வார நடுவில் நின்றன. எமது ஆட்களின் போஞ்சியும் கத்தரிக்காயும் சந்தியில் கிடந்து வாடின.

திரும்பும் லொறிக்குச் சரக்கு இல்லாமலா இருக்கிறது? பசளை, கால்நடைத் தீவனம், சீமெந்து, கடைச் சாமான் எல்லாம் எமது பக்கம் வரத்தானே வேண்டும்? ஆனால் கொழும்பில் யாரிடம் மாத்தளைக்குச் சரக்கு இருக்கிறது என்பது இங்கே அலுவலகத்தில் தனியாகக் கிடக்கும் கணனிக்குத் தெரியாது. தொலைபேசி வழியாக மற்றவர்களோடு இணைந்திருக்கும் மென்பொருளால் அதைத் தெரிந்துகொள்ள முடியும். லொறி முதலாளிமாருக்கு நாம் சொல்லக்கூடிய மிகப் பலமான காரணம் இதுதான். எம்மீது இரக்கப்பட்டு மாற்றச் சொல்லவில்லை. அவர்களின் டீசலுக்காகத்தான் சொல்கிறோம்.

புதியது எல்லாம் நல்லதா?

நாம் கண்ணை மூடிக்கொண்டு புதுமையைப் போற்றுபவர்கள் அல்ல. இரண்டு லொறி மட்டும் வைத்திருப்பவர் மாதாமாதம் டொலரில் கட்டணம் கேட்கும் வெளிநாட்டு மென்பொருளை வாங்க வேண்டியதில்லை. கணனியின் சாதாரண அட்டவணைக் கணக்கையும் கைத்தொலைபேசியையும் ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடியும். லக்கல மலைப்பக்கம் சில இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞையே கிடைப்பதில்லை. ஆகவே சமிக்ஞை இல்லாத இடத்தில் பதிந்து வைத்து, சமிக்ஞை கிடைத்ததும் அனுப்பக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

வேறு ஓர் அச்சமும் எமக்கு உண்டு. லொறி எங்கே நிற்கிறது என்று முதலாளி அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தேநீர் குடிக்க நிறுத்திய சாரதியையும் கிளீனர் பையனையும் "ஏன் பத்து நிமிடம் நின்றாய்" என்று விரட்டுவதற்கு அது பயன்படுமானால், அந்த நவீனம் எமக்கு வேண்டாம். கண் சொக்கிய சாரதியின் லொறியில்தான் எமது சரக்கும் போகிறது. அதேபோல் எமது விளைச்சல், கடன், விற்பனை பற்றிய விபரங்கள் ஒரே இடத்தில் சேரும்போது, யாருக்கு அவசரப் பணத்தேவை இருக்கிறது என்று விலை பேசுபவருக்கும் தெரிந்துவிடக்கூடாது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றுகின்ற காலமும் முக்கியம். வெங்காய அறுவடை நெருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒருவரும் இதில் கைவைக்கக் கூடாது. ஓட்டம் குறைந்த மாதத்தில் தொடங்கி, பழையதையும் புதியதையும் சில வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கொடுக்கல் வாங்கல் மீதியைக் கடதாசியில் அச்சிட்டு, உரியவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். ஊர்ப் பட்டியலையும் அப்போதே திருத்த வேண்டும். பழைய பிழைகளை அப்படியே புதிய மென்பொருளுக்குள் கொட்டினால் பணம் செலவானதுதான் மிச்சம்.

எமது பக்கத்தில் செய்யக்கூடியவை

பழைய ஊரில் எமக்குப் பில் தேவைப்படவில்லை. லொறிக்காரரின் தகப்பனையும் எமக்குத் தெரியும், அவருக்கு எமது பாட்டனையும் தெரியும். வாய்ச்சொல் போதுமாக இருந்தது. இடம்பெயர்ந்து வந்த பிறகு நாம் யார் என்று இங்குள்ளவருக்குத் தெரியாது. ஆகவே எழுத்துத்தான் எமக்குச் சாட்சி. திகதி, லொறி இலக்கம், எத்தனை சாக்கு அல்லது கூடை, எத்தனை கிலோ, கூலி எவ்வளவு என்று வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளை எழுதினாலும் போதும். ஏற்றிய உடனே எடையும் கூலியும் குறுஞ்செய்தியாக அனுப்பும்படி கேளுங்கள். அதற்கு விலை உயர்ந்த தொலைபேசி தேவையில்லை, பொத்தான் தொலைபேசியே போதும். தனியாகக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து, "கிலோவில் கூலியும் கையில் துண்டும் தருகிற லொறிக்கே இந்தப் போகத்துச் சரக்கு" என்று சொன்னால் கேட்பார்கள்.

அந்தத் தாயின் விடயத்திற்கு வருவோம். கணக்குப்பிள்ளையால் புதிய ஊரைக் கணனியில் சேர்க்க முடியவில்லை. சேர்க்கும் வழி எழுதியவருக்கு மட்டுமே தெரியுமாம். முதலாளி யோசித்துவிட்டு, ஊர்ப்பெயரையும் சரியான கூலியையும் ஒரு தாளில் எழுதிக் கணனித் திரையின் ஓரத்தில் ஒட்டச் சொன்னார். இப்போதைக்கு அந்த ஒரு குடியேற்றத்திற்குத் தாளைப் பார்த்துக் கூலி வெட்டுகிறார்கள். கூடுதலாக வெட்டிய பணத்தைத் திருப்பித் தருவது பற்றி இன்னும் முடிவில்லை.

நாம் மீண்டும் போக இருக்கிறோம். இம்முறை மாவட்டத்தில் உள்ள எல்லாக் குடியேற்றங்களின் பெயரையும், கிராம உத்தியோகத்தர் பிரிவையும், பிரதான வீதியிலிருந்து உள்ள தூரத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பட்டியலோடு போகிறோம். அதே பட்டியலை மற்ற லொறி முதலாளிமாருக்கும் கொடுப்போம். உங்கள் இடத்தின் பெயரை மூன்று மொழியிலும் சரியாக எழுதி, பழைய லொறித் துண்டு ஏதும் இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து, உங்கள் பங்கு மனையில் இம்மாத முடிவுக்குள் கொடுத்துவிடுங்கள்.